மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வண்ணத்தோடு உட்காருவது எப்படி: பினாங்கிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கடைசி ரேடியேஷன் முடிந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். "எல்லாம் முடிஞ்சிருச்சு, இனி நிம்மதியா இரு" என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அன்றைக்குத்தான் பயம் தொடங்கியது. அதுவரை கீமோவுக்கு ஒரு தேதி, ரத்தம் எடுக்க ஒரு தேதி, ரேடியேஷனுக்குத் தினம் ஒரு நேரம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று போக இடமில்லை. அழுதால் "இன்னும் என்ன?" என்பார்களோ என்று அழவும் இல்லை. இடது மார்பு இருந்த இடத்தைக் கண்ணாடியில் பார்க்காமலே சேலை கட்டப் பழகிக்கொண்டேன்.

7 மாதம் கழித்து, தூக்கம் வரவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்ட ஆலோசகர் ஒருவர் என்னை ஆர்ட் தெரபிக்கு, அதாவது கலைவழிச் சிகிச்சைக்கு, அனுப்பினார். வரையத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "கலரைத் தொட்டு மட்டும் பாருங்கம்மா, வரைய வேணாம்" என்றார் அங்கிருந்த சிகிச்சையாளர். 40 நிமிடம் ஒரே பழுப்புக் கிரேயானை வைத்துத் தேய்த்தேன். அது இரண்டாக உடைந்தது, உடைந்த துண்டாலும் தேய்த்தேன். திரும்பி வரும்போது பட்டர்வொர்த் ஃபெரியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனேன். மாதக்கணக்கில் வராத தூக்கம், கடல் தாண்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வந்தது.

அதன் பிறகு அவரிடம் 12 வாரம் போனேன். இப்போது பினாங்கின் பிறை என்ற ஊரில் எங்களைப் போன்ற சில பெண்கள் சனிக்கிழமைகளில் ஒன்றாக உட்காருகிறோம். நான் சிகிச்சையாளர் இல்லை. சிகிச்சையில் கற்றுக்கொண்டதையும் வீட்டில் தனியாகச் செய்து பார்த்ததையும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு வேறுபாடு

கலைவழிச் சிகிச்சை வேறு, வீட்டில் உட்கார்ந்து வரைவது வேறு. முதலாவதில் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருப்பார். நீங்கள் வரையும்போது உங்கள் மூச்சையும் கையையும் கவனிப்பார், கிளம்பி வரும் நினைவைத் தாங்கிக்கொள்ள உதவுவார். இரண்டாவது, நமக்கு நாமே செய்துகொள்வது. இரண்டும் நல்லது. ஆனால் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவது தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

இந்தத் துறைக்குப் பெயர் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்தில் கிடந்தபோது, வரைவது தன்னைத் தேற்றுவதைக் கண்டு பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 1942-இல் அதற்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயரிட்டார். நோயாளியின் கட்டிலில் பிறந்த வைத்தியம் என்பதாலேயே எனக்கு இதன்மேல் ஒரு பாசம்.

நம்மைப் போன்றவர்களுக்கு இது உதவுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனின் ஊமியோ நகரில், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருந்த 41 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் வாரம் ஒரு மணி நேரம் தனித்தனியாகக் கலைவழிச் சிகிச்சை கொடுத்தார்கள். அவர்களுடைய சமாளிக்கும் திறன் கூடியிருந்ததாக 2006-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு சிகாகோவில், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 50 புற்றுநோயாளிகளுக்கு ஒரே ஒரு மணி நேரம் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்ட 9 தொல்லைகளில் வலி, அசதி, பதற்றம் உட்பட 8 குறைந்தன. குமட்டல் மட்டும் குறையவில்லை. ஆகவே யாராவது "படம் வரைஞ்சா கட்டி கரையும்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இது கட்டிக்கான மருந்தே இல்லை. நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் டாமோக்சிஃபென் மாத்திரையை ஒருநாள்கூட இதற்காக நிறுத்தக் கூடாது.

"எனக்கு வரைய வராதே" என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகம் 2016-இல் சாதாரண ஆட்கள் 39 பேரை 45 நிமிடம் ஏதாவது செய்யச் சொல்லி, உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்தது. முன்னால் வரைந்து பழகியவரா இல்லையா என்பதால் அதில் பெரிய வித்தியாசம் வரவில்லை.

படி 1: கையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கும் ஆபத்து பல வருஷத்துக்கு இருக்கும். அதனால் அந்தக் கையை ஊன்றிக் குனிந்து வரையாதீர்கள். அந்தக் கையில் கீறல், வெட்டு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் காயம்கூடக் கிருமி புகுந்து வீக்கத்தைக் கிளப்பிவிடும். கத்திரி, பேப்பர் வெட்டும் கத்தி எல்லாம் வேண்டாம், காகிதத்தைக் கையாலேயே கிழித்துக்கொள்ளலாம்.

பாக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்து எடுத்தவர்களுக்கு விரல் நுனி மரத்துப் போகும், பென்சில் பிடித்திருப்பதே தெரியாது. அது நீங்கள் பலவீனமாகிவிட்டதால் அல்ல, நரம்பின் வேலை. இதற்கு வழி கீழே சொல்கிறேன்.

கீமோ இன்னும் நடக்கிறது என்றால் வெள்ளணு குறையும் நாட்களில், பெரும்பாலும் மருந்து ஏறிய இரண்டாவது வாரத்தில், களிமண் பக்கம் போக வேண்டாம். ஈரக் களிமண்ணில் பூஞ்சை இருக்கும். கிரேயானும் காகிதமும் போதும்.

படி 2: சாமான்

30 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவு செய்யாதீர்கள். விலை கூடக் கூட "வீணாக்கக் கூடாது" என்ற பயமும் கூடும், கை ஓடாது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ஏ3 டிராயிங் பிளாக் ஒன்று, ஆயில் பாஸ்டல் 12 கலர், வாட்டர் கலர் ஒரு பெட்டி, தடித்த பிரஷ் இரண்டு, மாஸ்கிங் டேப் ஒரு சுருள். கறுப்புக் காகிதம் நாலைந்து தாள் இருந்தால் நல்லது, அதன்மேல் வெள்ளை பாஸ்டல் பட்டால் கோலமாவு மாதிரியே இருக்கும்.

மாஸ்கிங் டேப் எதற்கு என்றால், காகிதத்தை நாலு மூலையிலும் மேசையோடு ஒட்டிவிடுங்கள். ஒரு கை வரையும்போது இன்னொரு கை தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறுவை செய்த பக்கத்துக் கைக்கு அது பெரிய ஓய்வு.

விரல் மரத்தவர்களுக்கு: ஹார்ட்வேர் கடையில் ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சு உறை கிடைக்கும். மெல்லிய அளவாக ஒரு துண்டு வாங்கி, விரல் நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லிப் பிரஷின் காம்பில் மாட்டுங்கள். துளை பெரிதாக இருந்தால் காம்பில் டேப்பைச் சுற்றித் தடிப்பாக்கிவிட்டு மாட்டலாம். பிடி தடித்துவிடும், நழுவாது. எங்கள் குழுவில் ஒரு அக்கா இதைக் கரண்டிக்கும் மாட்டிக்கொண்டார்.

டர்பன்டைன், ஸ்ப்ரே, மூக்கைத் துளைக்கும் மார்க்கர் எதுவும் வேண்டாம். கீமோ முடிந்து ஒரு வருஷம் ஆனபிறகும் எனக்கு அந்த நெடி வார்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

படி 3: இடமும் நேரமும்

வீட்டில் தனி அறை இருப்பவர்கள் நம்மில் கொஞ்சம்தான். ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும். முழங்கை மேசையில் படியும் உயரத்தில் உட்காருங்கள், கை தொங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள், 45 நிமிடம். மதியச் சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கு முந்தின நேரம் பலருக்கும் ஒத்துவருகிறது. கைபேசியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மணி வையுங்கள். மணி அடித்ததும் பிரஷைக் கீழே வைத்து, கையை மடக்கி மடக்கி விரித்து, தோளை மெல்லச் சுழற்றிவிட்டுத் தொடருங்கள்.

"அம்மாவுக்கு இது மருந்து நேரம்" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். மருந்து என்று சொன்னால் நம் வீட்டில் யாரும் குறுக்கே வருவதில்லை.

படி 4: முதல் மூன்று வாரம் கிறுக்கல் மட்டும்

ஒரு கலரை எடுங்கள். ஏன் அந்தக் கலர் என்று யோசிக்காதீர்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கோடு மேலே போகட்டும், விடும்போது கீழே வரட்டும். தாள் முழுக்க அப்படியே. உருவம் ஏதாவது தெரிய ஆரம்பித்தால் அதைத் திருத்த வேண்டாம், அழகாக்கவும் வேண்டாம். இன்னொரு கலர் வேண்டும் போலிருந்தால் எடுங்கள்.

முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் மூன்று விஷயம் எழுதுங்கள்: தேதி, உடம்பு எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது. ஒரு சொல் போதும். 'பாரம்', 'காய்ச்சல் மாதிரி', 'ஒண்ணுமில்லை' என்றெல்லாம் நான் எழுதியிருக்கிறேன். இந்தத் தேதி பின்னால் உதவும், மறக்காதீர்கள்.

மூன்று வாரத்தில் அழுகை வரலாம். வந்தால் வரட்டும், தாள் நனைந்தால் கலர் பரவும், அவ்வளவுதான். ஆனால் நெஞ்சு படபடத்து, பழைய காட்சி கண்முன் வந்து நிற்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்து, சுற்றிலும் தெரியும் நீல நிறப் பொருள்களை எண்ணுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு அன்றைக்கு எழுந்துவிடுங்கள்.

படி 5: உடம்பு வரைபடம்

எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் போடுவதுபோல் ஒரு ஆள் உருவம் போடுங்கள். தலை, உடம்பு, இரண்டு கை, இரண்டு கால். மார்பு, தழும்பு எதையும் வரைய வேண்டியதில்லை. இப்போது கண்ணை மூடி, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை மெல்லக் கவனித்து வாருங்கள். வலிக்கு ஒரு கலர், மரத்துப் போனதற்கு ஒரு கலர், இறுக்கத்துக்கு ஒரு கலர், உடம்பெல்லாம் குப்பென்று சூடேறி வேர்க்கிறதே அதற்கு ஒரு கலர். கடைசியாக ஒன்று: எங்கே சுகமாக இருக்கிறதோ அதற்கும் ஒரு கலர். சுகமான இடம் காது மடலாக இருந்தாலும் சரி, குதிகாலாக இருந்தாலும் சரி, கட்டாயம் தேடிப் போடுங்கள். மாதக்கணக்காக உடம்பு என்றாலே ஊசி குத்துகிற இடம் என்று ஆகிவிட்டவர்களுக்கு, வலிக்காத இடமும் தன்னிடம் இருப்பதைக் கண்ணால் பார்ப்பது பெரிய விஷயம்.

என் முதல் வரைபடத்தில் இடது மேல்கையின் உட்புறம் முழுக்கச் சாம்பல் நிறம். அங்கே தொட்டால் வேறு யார் கையையோ தொடுவது மாதிரி இருக்கும். பிரமை என்று நினைத்து ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளைச் செக்கப்புக்குக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் விரித்தேன். அக்குளைத் திறக்கும்போது மேல்கையின் உட்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு அடிபடுவது உண்டு என்று அவர் அந்தச் சாம்பல் பட்டையின்மேலேயே விரலை வைத்து விளக்கினார். 5 நிமிடத்தில் பேச வேண்டியதைப் பேச முடிந்தது. நம் ஆட்கள் டாக்டர் முன்னால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று சொல்லியே பழகியவர்கள். வாய் சொல்லாததைத் தாள் சொல்லட்டும்.

மாதம் ஒருமுறை புதிதாகப் போடுங்கள். பழையதைப் பார்த்துப் போடாதீர்கள்.

படி 6: கோலம்

எங்கள் சிகிச்சையாளர் மண்டலம் என்ற வட்டச் சித்திரம் வரையச் சொன்னபோது எனக்கு ஒட்டவே இல்லை. "இதுக்குக் கோலம் போடட்டுமா?" என்று கேட்டேன். அன்றைக்கு அவர்தான் என்னிடம் சிக்குக் கோலம் கற்றுக்கொண்டார்.

5 புள்ளி, 5 வரிசை, நேர்ப்புள்ளி. கறுப்புத் தாளில் வெள்ளை பாஸ்டலால் வையுங்கள். புள்ளி வைப்பதிலேயே பாதி மனசு அடங்கிவிடும், ஏனென்றால் இடைவெளி பிசகினால் கோலம் பிசகும், வேறு நினைப்புக்கு இடமில்லை. பிறகு கோட்டைத் தொடங்குங்கள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாது, சுற்றிச் சுற்றிப் போகும். இடையில் கை வலித்தால் நிறுத்திவிட்டு அதே இடத்தில் மறுபடி தொடங்கலாம், தவறில்லை. தப்பாகப் போய்விட்டால் அழிக்காதீர்கள், வேறு கலரில் சரியான கோட்டைப் பக்கத்திலேயே போடுங்கள். கீமோவுக்குப் பிறகு நினைவு தடுமாறுகிறது, எண்ணிக்கை விட்டுப் போகிறது என்று வருந்துபவர்கள் 3 புள்ளியிலிருந்து தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். எனக்கு 7 புள்ளிக்கு வர நாலு மாதம் ஆனது.

தீபாவளிக்கு இங்கே கடைத்தொகுதிகளில் போடுவதுபோல் அரிசிக் கோலமும் போடலாம். பச்சரிசி ஒரு கப், வினிகர் ஒரு தேக்கரண்டி, உணவுச் சாயம் சில சொட்டு. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் குலுக்கி, பழைய பேப்பரில் பரப்பி உலர்த்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வினிகர் வாடை பிடிக்காவிட்டால் சாயம் கலக்குவதை மட்டும் மகளிடமோ மருமகளிடமோ விட்டுவிடுங்கள். முக்கியமாக, தரையில் குந்தி ஒரு கையை ஊன்றிப் போடாதீர்கள். பெரிய தாம்பாளத்தை மேசைமேல் வைத்து அதில் போடுங்கள். விரலிடுக்கில் அரிசி நழுவும்போது மரத்த விரலுக்கும் ஏதோ ஒன்று தெரியும். கலைக்கும்போது கையாலேயே கலையுங்கள், எல்லாக் கலரும் கலந்த அரிசியை ஒரு போத்தலில் போட்டு வையுங்கள்.

படி 7: தழும்பு

இதைத் தனியாகச் செய்ய அவசரப்படாதீர்கள். குறைந்தது இரண்டு மாதமாவது முந்தின படிகளில் இருந்துவிட்டு, முடிந்தால் சிகிச்சையாளரோ நம்பிக்கையான தோழியோ பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

தழும்பை உள்ளபடி வரைய வேண்டாம். அது எதை நினைவூட்டுகிறதோ அதை வரையுங்கள். ஆறு, சாலை, தையல் விட்ட துணி, ரயில் தண்டவாளம், எதுவானாலும்.

எங்கள் குழுவில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மா ஒருவர் இருக்கிறார். பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஆறாம் வகுப்போடு பென்சிலை வைத்தவர், 50 வருஷம் கழித்து எங்களோடுதான் எடுத்தார். தழும்பைப் பற்றி நான் சொன்னதும் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நேர்மரம் போட்டு, அதில் சாய்வாக ஒரு வெட்டு, அதன் கீழ்முனையில் பால் பிடிக்கும் ஒரு மங்கு. "இது என்ன, தெரியுதா? வெட்டுப்பட்டை" என்றார். "வெட்டுன எடத்துல புதுப்பட்டை வரும். பழைய பட்டை மாதிரி வழவழன்னு இருக்காது, முண்டும் முடிச்சுமா இருக்கும். ஆனா அதுலயும் பால் வரும்." சொல்லிவிட்டுப் பட்டையின் முண்டு ஒவ்வொன்றையும் நகத்தால் பாஸ்டலைச் சுரண்டிச் சுரண்டி வரைந்தார். அரை மணி நேரம் நாங்கள் யாரும் பேசவில்லை.

அன்று பக்கத்தில் இருந்த ஒருவர் "கண்ணீர் மாதிரி பால் வடியுது பாருங்க, மனசுல எவ்ளோ சோகம்" என்று தொடங்கினார். அந்த அம்மா தலையாட்டி மறுத்தார். "சோகம் இல்லம்மா. அது சம்பளம்."

இதனால்தான் எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை வரைந்தவருக்கு மட்டும். கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. தாள் முழுக்கக் கறுப்பு அடித்த ஒரு தங்கை, "இது கீமோவுக்கு முந்தின என் முடி" என்றாள். நல்ல சிகிச்சையாளரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார், கேட்பார். "இந்த இடத்தைப் பத்திச் சொல்றீங்களா?" என்று கேட்பார். உங்கள் படத்தைப் பார்த்த உடனே உங்கள் மனசை ஜோசியம் மாதிரிச் சொல்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

படி 8: ஸ்கேன் வாரம்

மேமோகிராம், ஸ்கேன், ரிசல்ட் வரும் நாள். 'மறுபடி வந்திருக்குமோ' என்ற நினைப்பு அந்த வாரம் முழுக்கத் தொண்டையில் நிற்கும். அந்த வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து, வெளிப்பக்கம் காகிதம் ஒட்டிப் பிடித்த கலரில் பூசி வைத்துக்கொள்ளுங்கள். பயம் வரும்போதெல்லாம் சின்னத் துண்டுத் தாளில் அதை வரைந்தோ எழுதியோ உள்ளே போட்டு மூடுங்கள். பயம் போய்விடாது. இருக்க ஓர் இடம் கிடைக்கும்.

பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில், நாம் தண்ணீர்மலைப் பக்கம் என்று சொல்கிறோமே, அங்கே நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. பூ கிளை நுனியில் வராது, அடிமரத்திலிருந்தே நேராகக் கிளம்பித் தொங்கும். கீழே உதிர்ந்து கிடப்பதில் ஒன்றை எடுத்துவந்து பெஞ்சில் வைத்து, 15 நிமிடம் அதையே பார்த்து வரையுங்கள். தடித்த இதழ், நடுவே குடை பிடித்த மாதிரி வளைந்த மகரந்தக் கொத்து. தாளைவிடப் பூவை அதிகம் பாருங்கள். காலையில் வெயில் ஏறுமுன் போங்கள், ரேடியேஷன் பட்ட தோலைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

படி 9: வீட்டார்

நம் வீடுகளில் இந்த நோயை இன்னும் மூடி வைக்கிறார்கள். "பொண்ணுக்கு வரன் பாக்கணும், வெளிய சொல்லாத" என்று சொல்லப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் மேசைமேல் கிடக்கும் ஒரு படம் பெரிய சண்டையைக் கிளப்பும். அதனால் படங்களை ஒரு கோப்பில் போட்டு உங்கள் துணி அலமாரியில் வையுங்கள். யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது என்பது உங்கள் முடிவு. காட்டவே வேண்டாம் என்றாலும் சரி. குழுவில் வரைந்த படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் கண்காட்சிக்கு வைப்பது எல்லாம் வரைந்தவர் வாயால் சம்மதம் சொன்ன பிறகுதான்.

பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் கூட உட்கார வைத்து ஒரே தாளில் சேர்ந்து வரையலாம். அம்மா சாவாங்களா என்று கேட்கத் தெரியாத பிள்ளை, வரையும்போது பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். கணவரைப் பற்றி நான் அறிவுரை சொல்ல மாட்டேன், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. என் வீட்டுக்காரரிடம் நான் உடம்பு வரைபடத்தைத்தான் முதலில் காட்டினேன். எங்கே தொட்டால் வலிக்கும், எங்கே வலிக்காது என்று அவருக்கு அதுவரை தெரியாமல் இருந்தது.

படி 10: சேர்ந்து உட்காருவது

நாலிலிருந்து எட்டுப் பேர் போதும். 2 மணி நேரம், அதில் வரைவது ஒரு மணி, மீதி தேத்தண்ணியும் பேச்சும். இன்னும் சிகிச்சை நடப்பவர்களும் பல வருஷம் தாண்டியவர்களும் ஒரே மேசையில் இருந்தால் பேச்சில் கவனம் வேண்டும், மருந்து, ரிப்போர்ட் எண்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் அன்றிரவு தூங்க மாட்டார். பாராட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தை "எவ்ளோ அழகு!" என்றால் பக்கத்துப் படக்காரர் தன் தாளைக் கையால் மூடிக்கொள்வார், பார்த்திருக்கிறேன்.

யாரிடம் போவது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் பாஸ்டலை வைத்துவிட்டு ஆளைத் தேடுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனசு விட்டுப் பேசக் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் கேட்பார்கள்.

கலைவழிச் சிகிச்சையாளர்கள் நம் நாட்டில் குறைவு. முதலில் உங்கள் ஆஸ்பத்திரியின் ஆலோசகரையோ மருத்துவ சமூகப் பணியாளரையோ கேளுங்கள். கோலாலம்பூரில் 1966 முதல் இயங்கும் தேசியப் புற்றுநோய்ச் சங்கம், பெட்டாலிங் ஜெயாவில் 1986-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் இரண்டிலும் நம்மைப் போல் வந்தவர்களோடு பேசலாம், இந்தச் சிகிச்சை பற்றியும் விசாரிக்கலாம். ஒருவரைக் கண்டுபிடித்ததும் கூசாமல் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், முதுகலையா, புற்றுநோயாளிகளோடு வேலை செய்திருக்கிறீர்களா, படங்கள் யாரிடம் இருக்கும், பேசுவது வெளியே போகுமா, நான் தமிழில் பேசலாமா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆலோசகர் என்று சொல்பவரானால், 1998 ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவும் உரிமமும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து

கோப்பில் உள்ள எல்லாப் படத்தையும் தேதிப்படி கூடத்துத் தரையில் பரப்புங்கள். யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள். நின்றுகொண்டே 10 நிமிடம் பாருங்கள், எதையும் எழுத வேண்டாம். திரும்பத் திரும்ப என்ன வருகிறது, என்ன வரவே இல்லை என்று மட்டும் கவனியுங்கள்.

நான் பரப்பியபோது 11 படத்தில் ஆள் உருவம் இருந்தது. முதல் வரைபடத்தில் சாம்பல் அடித்த அந்த இடது கை, அதற்குப் பிறகு வந்த 10 படத்தில் ஒன்றிலும் இல்லை. தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது, சேலைத் தலைப்புக்குள் போயிருந்தது, அல்லது போட மறந்திருந்தேன். அன்றைக்குத்தான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையும் நான் இடது கையால் எடுப்பதே இல்லை என்று உறைத்தது. டாக்டர் சொல்லிக் கொடுத்த கைப்பயிற்சியை எப்போதோ விட்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் பிசியோவுக்குப் போன் போட்டேன்.